பழமலையும் பதினாறு வயதும்

(விருத்தாசலம் மாசி மகப் பெருவிழாச் சொற்பொழிவு)



பழமலைநாதப் பெருமானின் திருவடிகளையும், பெரியநாயகி அம்மையின் திருவடிகளையும், நிலமட்டத்திற்குக் கீழே படியிறங்கிச் சென்று வழிபடுமாறு எழுந்தருளியிருக்கும் ஆழத்துப் பிள்ளையாரின் திருவடிகளையும் சிந்தித்து வணங்கி இச்சொற்பொழிவைத் தொடங்குகின்றோம். திருவருள் முன்னின்று காக்க.

திருமுதுகுன்றம் என்று திருமுறைகள் போற்றும் இத்தலத்தின் சிறப்பினை உங்கட்கு யாம் எடுத்துக் கூறுவது மிகை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் இது. கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து, தீர்த்தம் ஐந்து என எல்லாம் ஐந்தாக அமைந்த கோயில் இது. ஆகமங்கள் இருபத்தெட்டினையும் இலிங்க வடிவில் வைத்து முருகப்பெருமான் பூசித்த இடம் என்பது தலபுராணம். மணிமுத்தாற்றின் கரையில் நிற்கும் இவ்வூரை விருத்தகாசி என்றும் நம் முன்னோர் அழைத்தனர்.

இவ்வூருக்கு மற்றொரு பெயரும் இன்று நாட்டில் வழங்குகின்றது. அது பீங்கான் நகரம் என்பது. அகல்விளக்கும், கொலுப்பொம்மையும், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் பொருள்களும் இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டைச் சூளைகளிலிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. அத்தொழிலைக் கற்பிக்கும் கல்லூரியும் இங்கு உண்டு. ஆகவே இவ்வவையில் அமர்ந்திருப்போரில் மண் குழைத்த கைகள் பல இருக்கும். அக்கைகளைப் பெற்ற வீட்டுப் பிள்ளைகளும் பலர் இருப்பர். இன்றைய பேச்சு பெரிதும் அப்பிள்ளைகளுக்கு உரியது.

மூன்று வினாக்கள்

நேற்றைய சொற்பொழிவு முடிந்தபின் மாணவர் ஒருவர் மடித்த தாள் ஒன்றை எம்மிடம் தந்து சென்றார். அதில் பெயர் இல்லை. வயது பதினாறு என்று மட்டும் எழுதியிருந்தார். அத்தாளில் மூன்று வினாக்கள் இருந்தன. அவற்றின் பொருளை எம் சொற்களில் கூறுகின்றோம்.

முதல் வினா அறத்தைப் பற்றியது. அவருடைய தந்தையார் சூளையில் பணி செய்பவர். ஒருவரையும் வஞ்சித்தறியாதவர். ஆயினும் கடன் தீரவில்லை. வஞ்சித்துப் பிழைப்போர் மாடி வீடு கட்டி வாழக் காண்கின்றோம். அங்ஙனமாயின் அறத்தின் வழி நிற்பதால் வரும் பயன் என்னை என்பது அவ்வினா.

இரண்டாவது வினா வாழ்வின் நோக்கம் பற்றியது. படிப்பதும், வேலை தேடுவதும், மணம் புரிவதும், மக்களைப் பெறுவதும், மூப்பெய்தி மாள்வதும் ஆகிய இவ்வளவுதானா பிறவி? இதற்காகவா பிறந்தேன்? பிறவாதிருந்தால் என்ன குறைந்துவிடும்? இவ்வாறு எழுதியிருந்தார். இறுதித் தொடரைப் படித்தபோது எம் நெஞ்சம் கலங்கியது.

மூன்றாவது வினா நம்பிக்கை பற்றியது. கடவுள் உண்டு என்பதை எவ்வாறு தெளிவது? ஐயுறுவது பாவமா? வீட்டில் கேட்டால் அடி விழுகிறது. வெளியில் கேட்டால் நகைக்கிறார்கள் என்பது அது.

அன்பர்களே, இவ்வினாக்கள் ஒரு பிள்ளையின் வினாக்கள் அல்ல. உங்கள் வீடு ஒவ்வொன்றிலும், கதவை மூடிக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளையின் உள்ளத்தில் இவை இருக்கின்றன. அவர்கள் வாய்திறந்து கேளாமையால் இல்லை என்று எண்ணிவிடுகின்றோம். எனவே இன்று எடுத்துக்கொண்ட புராணப் பகுதியை நாளைக்கு வைத்து, இவற்றிற்கு விடை காண முயல்வோம். மூன்றாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில், கேட்கலாமா என்பது தெளிந்த பின்னரன்றோ மற்றவற்றைக் கேட்க இயலும்?

ஐயம் பாவமா?

இத்தலத்தின் வரலாறே ஓர் இளைஞரின் மறுப்பில் தொடங்குகின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இவ்வழியே வந்தபோது, ஊரும் பழைய ஊர், இறைவனும் பழமலைநாதர், அம்மையும் விருத்தாம்பிகை; எல்லாம் முதுமையாக இருக்கின்றனவே, இவற்றை எவ்வாறு பாடுவது என்று எண்ணிப் பாடாமலே கடந்து சென்றார் என்பது இப்பகுதியில் வழங்கும் வரலாறு. மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக விளங்கும் முருகப்பெருமான் வேடனாய் வந்து அவருடைய பொருளைப் பறித்துக்கொண்டு, திருமுதுகுன்றம் சென்று பெற்றுக்கொள்க என்று திருப்பியனுப்பினார் என்பர்.

இதனை ஊன்றி நோக்குக. “பழையதாக இருக்கிறதே, இதில் எனக்கென்ன?” என்று இன்றைய பிள்ளை கேட்கின்றான். அதே வினாவை எழுப்பியவர் சமய குரவர் நால்வருள் ஒருவர்! பெருமான் அவரைச் சினந்து ஒறுத்தாரில்லை; தடுத்தாட்கொண்ட முறையிலேயே மீண்டும் தம்பால் வரச் செய்தார். பாடிய பின் பன்னீராயிரம் பொன்னும் அளித்தார்.

அப்பொன்னின் கதையில் மற்றொரு நுட்பம் உண்டு. அதனை இம்மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் பெற்றுக்கொள்ளுமாறு அருளாயிற்று. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்பது பேதைமைக்கு உவமையாக வழங்கும் பழமொழி. பரவையாரும் நகைத்தார். சுந்தரரோ இறைவன் வாக்கை நம்பி ஆற்றில் இட்டார். ஆனால் இடுவதற்குமுன் அப்பொன்னில் ஒரு சிறு துணுக்கை மாதிரியாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். மச்சம் என்று பெரியபுராணம் கூறுவது அதனையே. திருவாரூரில் பொன் வந்தபோது அதனை அத்துணுக்கோடு உரைத்துப் பார்த்தார்கள். மாற்றுக் குறைந்திருந்தது. குறைந்தது என்று சுந்தரர் மறையாமல் முறையிட்டார். மீண்டும் பாட, மாற்று ஒத்தது. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கின்றார்.

இறைவன் தந்த பொன்னையே உரைத்துப் பார்த்தவர் நம் சமயத்தின் ஆசாரியர். அவருக்கு நம்பிக்கை இல்லை என்று எவரேனும் கூறுவரோ? ஆற்றில் இட்டது நம்பிக்கை. மச்சம் வைத்துக்கொண்டது ஆராய்ச்சி. இரண்டும் ஒரு கையிலேயே இருந்தன. ஆகவே, இளைஞனே, நீ உரைத்துப் பார், அது பாவமன்று. ஆனால் ஒன்று: உரைத்துப் பார்க்க வேண்டுமாயின் பொன்னும் கையில் இருத்தல் வேண்டும். ஒருநாளும் வழிபட்டறியாமல், ஒரு பதிகமும் ஓதியறியாமல், ஒரு நூலும் கற்றறியாமல் இல்லை என்று துணிவது உரைத்துப் பார்த்தல் ஆகாது. அது பொன்னை வாங்காமலே பழித்தலாகும்.

சாத்திரத்திற்கு வருவோம். இவ்வூருக்கு அண்மையிலுள்ள திருப்பெண்ணாகடத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில், அச்சுதகளப்பாளருக்கு மகவாகத் தோன்றியவர் மெய்கண்டார். சுவேதவனப்பெருமாள் என்பது பிள்ளைத் திருநாமம். திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்ந்து, இளமையிலேயே பரஞ்சோதி முனிவரின் அருளுபதேசம் பெற்றார். அவர்தம் குடும்பத்தின் குருவாகிய சகலாகம பண்டிதர், தம்மைக் காண வாராத இச்சிறுவனைக் காணத் தாமே வந்து, ஆணவம் என்பதன் இயல்பு யாது என்று சற்றுச் செருக்கோடு வினவினார். மெய்கண்டார் விடை பகராமல் அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். செருக்குற்று நிற்கும் அந்நிலையே ஆணவத்தின் இயல்பு என்பது குறிப்பு. பண்டிதர் அக்கணமே சிறுவனின் அடியில் வீழ்ந்து மாணவரானார். அவரே அருணந்தி சிவாசாரியார்.

அவ்வருணந்தியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அமைப்பினை இளைஞர்கள் அறிதல் வேண்டும். அந்நூல் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பரபக்கம் என்பது பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து ஆராயும் பகுதி. அதில் முதலாவதாக வைக்கப்பெற்ற கொள்கை எது தெரியுமா? கண்ணால் காண்பதே உண்மை, கடவுளும் வினையும் மறுபிறப்பும் இல்லை என்னும் உலகாயதம். அதன் வாதத்தை அதனைக் கொண்டோர் கூறுமாறே முதலில் விரித்துக் கூறிய பின்னரே ஆசிரியர் மறுக்கின்றார். நாத்திகன் தன் வழக்கை முழுமையாக எடுத்துரைக்கச் சைவ சாத்திரம் முதல் இருக்கை அளித்திருக்கின்றது. அத்தகைய சமயத்தில் பிறந்த நாம், ஐயுற்றுக் கேட்கும் மகனை அடிக்கலாமா?

இனி, கடவுள் உண்மைக்குச் சித்தாந்தம் கூறும் விடையை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு விளக்குதல் மிக எளிது. ஒரு குடம் உண்டாகின்றது. அதற்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். மண் எத்துணைக் காலம் குவிந்து கிடந்தாலும் தானே விளக்காவதில்லை. சக்கரம் தானே சுழல்வதில்லை. அறிவுடைய ஒருவன் வேண்டும். அதுபோல உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவம் நிமித்த காரணம் என்பர் நம் ஆசிரியர்கள். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களை உடையது. முதற் சூத்திரமே இவ்வாராய்ச்சிக்கு உரியது. இவ்வாதத்தை மறுத்துப் பேசுவோரும் உளர். அம்மறுப்பையும் படி, சித்தியாரையும் படி. பதினாறு வயதில் முடிவு காணாவிட்டால் குற்றமில்லை. தேடுவதை நிறுத்திவிடாதே என்பதே யாம் வேண்டுவது.

அறத்தின் பயன் என்னை?

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். இத்திருக்கோயிலைத் திருப்பணி செய்தவர் விபசித்து முனிவர் என்பது தலபுராணம். மாசி மக விழாவின் ஆறாம் நாளில் அம்முனிவர்க்குப் பெருமான் காட்சி தரும் திருவிழாவை நீங்கள் ஆண்டுதோறும் காண்கின்றீர்கள். திருப்பணி செய்தோர்க்கு அவர் நாடோறும் வன்னி மரத்தின் இலைகளைக் கூலியாக அளித்தார் என்றும், அவரவர் செய்த உழைப்பின் அளவுக்கேற்ப அவ்விலைகள் பொன்னாயின என்றும் கூறுவர். அவ்வன்னி மரத்தை இன்றும் வலம் வருகின்றோம்.

இக்கதையை உழைப்பவனுக்கு மட்டும் கூறி, “நன்றாக உழை, பொன் கிடைக்கும்” என்று முடித்துவிடுதல் வழக்கம். மாணவர் கேட்பது அதனையே: என் தந்தையார் நன்றாகத்தான் உழைக்கின்றார், இலை இலையாகவே இருக்கின்றதே என்கின்றார். அன்பர்களே, இக்கதை உழைப்பவனுக்குச் சொல்லப்பட்டதைக் காட்டிலும் கூலி கொடுப்பவனுக்கே மிகுதியாகச் சொல்லப்பட்டது என்பது எம் கருத்து. உழைப்பின் அளவுக்குக் கூலி ஒத்திருத்தல் வேண்டும் என்பது இக்கோயிலின் அடித்தளத்திலேயே இடப்பட்ட நீதி. முனிவர் கையிலிருந்து இலை புறப்பட்டது. அதனைப் பொன்னாக்கியது இறைவனின் நடுவுநிலைமை. இவ்வூரில் பலர்க்கு வேலை அளிப்போர் இவ்வவையில் இருப்பீர்கள். வன்னி மரத்தை வலம் வரும்போது உங்கள் கூலிக் கணக்கையும் ஒருமுறை நினைவு கொள்க. உழைத்தவனுக்கு இலையைக் கொடுத்துவிட்டுப் பொன்னைத் தாம் வைத்துக்கொள்வோர் இம்மரத்தை எத்தனை முறை சுற்றினும் பயனில்லை.

இனி, அறவழியில் நின்றும் வறுமை தீராதவர்க்கு யாது விடை? இதற்கு அப்பர் பெருமானின் வாழ்வை நோக்குதல் வேண்டும். அவர் பிறந்த திருவாமூர் நம் கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிக்கு அருகில் உள்ளது. இளமையில் மருள்நீக்கியார் என்னும் பெயரோடு அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தவர். நிலையாமையை எண்ணி, மெய்ந்நெறி எது என்று தேடிச் சமண் சமயம் புக்கவர். பின்னர்ச் சைவத்திற்கு மீண்டார். அதற்காகப் பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டு ஏழு நாள் அடைத்தான். நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். சூளையின் வெம்மையை உடம்பால் அறிந்தவர்கள் இவ்வூரார். ஆகவே இதனை வேற்றூரார்க்கு விளக்குவதுபோல் உங்கட்கு விளக்க வேண்டியதில்லை. ஏழாம் நாள் திறந்தபோது அவர் ஊனமின்றி இருந்தார் என்கின்றது புராணம்.

அதனினும் பெரியதொரு சோதனை பிற்காலத்தில் திருப்புகலூரில் நிகழ்ந்தது. அவர் உழவாரப்படை கொண்டு புல்லைச் செதுக்கும்போது, நிலத்தில் பொன்னும் மணியும் கிடக்கச் செய்தான் இறைவன். அப்பர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். நீற்றறை அச்சத்தால் அவரை அசைக்க முயன்றது. பொன் ஆசையால் அசைக்க முயன்றது. இரண்டிற்கும் அவர் அசையவில்லை.

திருமுதுகுன்றத்தில் பொன் வேண்டிப் பெற்றவர் சுந்தரர்; திருப்புகலூரில் கிடைத்த பொன்னை எறிந்தவர் அப்பர். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தொழுகின்றோம். பொருள் வேண்டுவது இழிவென்று நம் சமயம் கூறவில்லை. பொருளுக்காக மனம் திரிவதே இழிவு என்கின்றது. ஆதலின், அறத்தின் பயன் பொருள் என்று கொள்ளாதே, தம்பி. அவ்வாறு கொண்டால் பொருள் வாராதபோது அறமும் போய்விடும். வஞ்சித்தவன் கட்டிய மாடியைக் கண்டாய். உன் தந்தையார் கடன் பட்டிருந்தும், அவரைப் பற்றி எழுதும்போது, ஒருவரையும் வஞ்சித்தறியாதவர் என்று முதலில் எழுதினாய். அவரிடம் வேறு என்ன இல்லாவிடினும், பெற்ற மகன் அவ்வாறு எழுதத்தக்க வாழ்வு அவரிடம் இருக்கின்றது. மாடி கட்டியவரின் மகன் தன் தந்தையைப் பற்றி இவ்வாறு எழுத இயலுமா என்று எண்ணிப் பார். வினைப்பயன் இம்மையோடு முடிவதன்று என்பது சித்தாந்தத்தின் துணிபு. அதனை நீ இன்னும் ஏற்றுக்கொள்ளாவிடினும், கண்முன் உள்ள இப்பயனை மறுக்க இயலாது.

எதற்காகப் பிறந்தேன்?

இரண்டாவது வினாவே மூன்றிலும் கடினமானது. இதனைப் பதினாறு வயதில் முழுமையாக எதிர்கொண்ட ஒருவரை நாம் அறிவோம்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர், 1892இல் தந்தையை இழந்து, மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பாடத்தில் பேரார்வம் உடையவரல்லர், விளையாட்டில் வல்லவர். பெரியபுராணம் அவர் கையில் கிடைத்தது. அறுபத்துமூவரின் அன்பு அவரை ஆட்கொண்டது. 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், நோய் ஏதுமில்லாதிருந்தும், சாகப்போகின்றோம் என்னும் அச்சம் திடீரென அவரைப் பற்றியது. மருத்துவரை அழைக்கவில்லை, எவரிடமும் கூறவில்லை. படுத்துக் கைகால்களை விறைப்பாக நீட்டி, மூச்சடக்கி, வாய்மூடி, இவ்வுடல் இறந்தது. இதனைச் சுடுகாட்டிற்குக் கொண்டுபோய் எரிப்பர். ஆனால் உடல் இறந்தபின் நான் இறந்தேனா என்று உள்ளே நோக்கினார். உடலின் வேறாக அழியாது நிற்கும் ஒன்றை அறிந்தார். அச்சம் அன்றே ஒழிந்தது. அவரே பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் போற்ற விளங்கியவர்.

சாவைப் பற்றிய எண்ணம் இளம் உள்ளத்தில் எழும்போது நாம் அஞ்சுகின்றோம். அஞ்சவே வேண்டும்; உடனிருந்து காக்கவே வேண்டும். ஆயினும் வேங்கடராமன் செய்தது யாது என்பதை நோக்குக. அவர் உடலை அழிக்க முற்படவில்லை. நான் யார் என்று வினவினார். வினாவை அடக்கவுமில்லை, வினாவினால் அழியவுமில்லை. வினாவின் அடிவரை சென்றார்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென அவர் கையில் தரப்பட்டது ஐந்து ரூபாய். மூன்று ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, தம் தந்தையாகிய இறைவனைத் தேடிச் செல்வதாகவும், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும், இரண்டு ரூபாய் இதனோடு இருக்கின்றது என்றும் கடிதம் எழுதி வைத்தார். உலகையே துறந்து செல்லும் பிள்ளை இரண்டு ரூபாய்க்குக் கணக்கு எழுதி வைத்துச் செல்கின்றது! பழைய நிலப்படத்தை நம்பித் திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்கி, வழியில் ஒரு மௌல்வி கூற விழுப்புரத்தில் இறங்கி, நடந்தும் பசித்தும், அறையணிநல்லூரையும் கீழூரையும் வணங்கி, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை அடைந்தார்.

இதனைக் கேட்டு, நாங்களும் வீட்டை விட்டுப் போகலாமா என்று எவரும் எண்ணற்க. யாம் அதனைக் கூற வரவில்லை. கோடியில் ஒருவர்க்கு அமைந்த பக்குவம் அது. அவரைத் தேடிய அன்னையார் 1898இல் வந்து அழுது அழைத்த துயரம் சிறிதன்று. அவ்வன்னையாரையே 1916இல் தம்மிடம் ஏற்று, 1922இல் அவர் இறுதி மூச்சு அடங்குமளவும் அருகிருந்து காத்தார் மகரிஷி. அவ்வன்னையின் சமாதியைச் சூழ்ந்தே இன்றைய ரமணாச்சிரமம் வளர்ந்தது. துறந்தவர்க்கும் தாய்க்கடன் தீரவில்லை என்பதை அறிக.

ஆயின், எல்லார்க்கும் பொருந்தும் விடை யாது? மீண்டும் திருவாமூருக்குச் செல்வோம். மருள்நீக்கியாரின் தந்தையார் புகழனார் மறைந்தார். தாயார் மாதினியாரும் உடன் மறைந்தார். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். இனி வாழ்வதில் பொருளில்லை என்று கருதித் திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். அப்போது இளையராகிய தம்பியார் தமக்கையின் அடிகளில் வீழ்ந்து, தாய் தந்தையர் போனபின்னும் யான் உயிர் வாழ்வது உம்மை வணங்கலாம் என்பதனாலன்றோ. நீரும் போவீராயின் உமக்குமுன் யான் போவேன் என்று கதறினார். அவ்வொரு சொல்லால் திலகவதியார் உயிர் தாங்கினார். தம்பி வாழ வேண்டும் என்பதற்காகவே தாம் வாழ்ந்தார்.

அன்று திலகவதியாருக்கு வாழ்வின் நோக்கம் தத்துவமாகத் தெரியவில்லை. ஒரு முகமாகத் தெரிந்தது. தம்பியின் முகமாகத் தெரிந்தது. அவர் உயிர் தாங்காதிருந்தால் மருள்நீக்கியார் திருநாவுக்கரசர் ஆகியிருப்பாரா? சூலைநோயால் வருந்தியபோது திருநீறு தந்து அதிகை வீரட்டத்திற்கு அழைத்துச் செல்ல யார் இருந்திருப்பார்? நமக்குத் தேவாரம் கிடைத்திருக்குமா? பிறவாதிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்ட தம்பிக்கு இதுவே விடை. உன்னால் எவர் வாழ்வு தழைக்கவிருக்கின்றது என்பது இன்று உனக்குத் தெரியாது. திலகவதியாருக்கும் தெரியாது. தெரியாத நிலையிலும் அவர் இருந்தார். இருந்ததனால் எல்லாம் வந்தது. தேர்வில் தோற்றாலும், நட்பில் முறிந்தாலும், மனம் இருண்டாலும், இரு. உன் துயரை வீட்டிலோ ஆசிரியரிடமோ ஒருவரிடம் வாய்விட்டுக் கூறு. அடியில் வீழ்ந்து கதறத் தம்பி வெட்கப்படவில்லை, கேட்டு மனம் மாறத் தமக்கை வெட்கப்படவில்லை.

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

உங்கள் தொழிலிலிருந்தே ஒரு செய்தியைக் கூறுவோம். பச்சை மண்ணால் செய்த விளக்கை நீரில் இட்டால் கரைந்து மீண்டும் மண்ணாகும். சூளையில் வெம்மை ஏறஏற, ஏறத்தாழ 600 பாகை அளவைக் கடக்கும்போது மண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் நீங்கிவிடுகின்றது. அதன்பின் எத்துணை மழை பெய்யினும் அது மண்ணாவதில்லை. பீங்கானாக வேண்டுமாயின் 1200 பாகைக்கும் மேற்பட்ட வெம்மை வேண்டும். ஆனால் ஈரம் உலராத மண்ணை விரைந்து சூடேற்றினால் வெடித்துவிடும். நிழலில் உலர்த்தி, மெல்ல மெல்ல வெம்மை ஏற்றுதலே தொழிலறிந்தோர் முறை.

பதினாறு வயது பச்சை மண்ணின் பருவம். நல்ல வடிவும் பெறலாம். கைபட்டுக் கோணவும் செய்யலாம். வினாக்களே அம்மண்ணிலுள்ள ஈரம். ஈரமில்லாத மண் வடிவம் பெறாது. ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே, வினா கேட்கும் பிள்ளையைச் சினத்தீயில் உடனே இடாதீர். தெரிந்தால் விடை கூறுக. தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம் என்று கூறுக. முதியவராகிய அப்பர், இளையவராகிய ஞானசம்பந்தரின் சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். பதினாறு ஆண்டே இவ்வுலகில் வாழ்ந்த பிள்ளை அவர்! இளையோரைத் தாங்குவது முதியோர்க்கு இழுக்கன்று. அது நம் சமயம் காட்டிய மரபு.

இக்கோயிலின் அம்மையே இதற்குச் சான்று. குருநமசிவாயர் திருவண்ணாமலையிலிருந்து தில்லைக்குச் செல்லும் வழியில் இங்குப் பசியோடு தங்கி, அம்மையை முதியவளாகப் பாடி அன்னம் வேண்டினார். முதியவளாக வந்த அம்மை, கிழவியால் சோறு கொண்டுவர இயலுமோ என்றாள். அவர் இளமைக்கோலம் தோன்றப் பாட, இளைய நாயகியாய் வந்து அமுதளித்தாள் என்பது செவிவழி வரலாறு. பெரியநாயகியும் இளைய நாயகியும் ஒரே கோயிலில் சந்நிதி கொண்டிருக்கின்றனர். முதுமையும் இளமையும் ஒரே சத்தியின் இரு கோலங்கள். முதியோர் தம் பழமையைக் காக்க இளையோரின் வினா வேண்டும். இளையோர் தம் வினா வாடாதிருக்க முதியோரின் அன்பு வேண்டும்.

இவ்விழாவிற்கு வந்த இளைஞர் ஒவ்வொருவரும் நாளைக் காலையில் மணிமுத்தாற்றின் கரையில் ஒரு நாழிகை தனித்திருந்து, நான் யார், எவர்க்காக இருக்கின்றேன், எதனைப் பொன் கொடுத்தாலும் செய்யேன் என்னும் மூன்றனையும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்க. பெற்றோர் ஒவ்வொருவரும் இன்றிரவு உணவின்போது கைப்பேசியை விலக்கி வைத்துப் பிள்ளையின் ஒரு வினாவையேனும் முழுமையாகக் கேட்டருள்க. இது பழமலைநாதருக்குச் செய்யும் வழிபாடேயாகும்.

வாழ்க சைவம். வளர்க இளையோர். திருச்சிற்றம்பலம்.